விமானத் தபால் உறைகளும் வன்னி முஸ்லிம்களின் முகவரியும்

சுலைமான் நபி (அலை) அவர்களின் கடிதத்தை ஸபா நாட்டு அரசியிடம் ஹுத்ஹுத் பறவை கொண்டு சேர்த்ததை அந்நம்ல் அத்தியாயத்தில் ஓதுகின்றோம். 12ஆம் நூற்றாண்டில் நூருத்தீன் ஸங்கி சிரியாவில் புறாத் தபாலை ஒழுங்குபடுத்தினார். பின்வந்த மம்லூக்கியர் அதை வளர்த்தெடுத்தனர். ஆகவே, வான்வழிக் கடிதம் நமக்கு அந்நியமான சங்கதியல்ல.

விமானத்தில் அதிகாரபூர்வமாகத் தபால் போனது நமது அயலில்தான். 1911 பெப்ரவரி 18ஆம் திகதி ஹென்றி பெக்கே என்ற பிரெஞ்சு விமானி, சுமார் 6,500 கடிதங்களுடன் அலகாபாத்திலிருந்து நைனிக்குப் பறந்தார். அவற்றில் குத்துவதற்கென்றே விசேட சீல் ஒன்று செய்யப்பட்டிருந்தது. அந்தச் சீலுக்காகவே இன்றும் சேகரிப்பாளர்கள் அவ்வுறைகளைத் தேடி அலைகிறார்கள்.

1929இல் லண்டன் – கராச்சி விமானத் தபால் தொடங்கியது. பக்தாதும் பஸ்ராவும் அதன் தரிப்பிடங்கள். 1932 ஒக்டோபர் 15இல் டாட்டாவின் விமானம் கராச்சியிலிருந்து தபாலோடு புறப்பட, அச்சேவை சென்னைவரை நீண்டது. இலங்கைக்கு அது 1938 பெப்ரவரி 28இல் இரத்மலானையில் வந்திறங்கியது. அதுவரை இந்தியா வழியாகப் போன நம் தபாலெல்லாம் தலைமன்னார் ரயிலில் ஏறி, கப்பலில் தனுஷ்கோடிக்குக் கடக்க வேண்டும். அந்த ரயில் பாதை வன்னியின் செட்டிகுளத்தை ஊடறுத்தே போகிறது. 1947 டிசம்பர் 10இல் எயார் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தது. இப்படியான முதற் பயணங்களில் போன உறைகளுக்குச் சேகரிப்பாளரிடம் தனி மதிப்புண்டு.

ஏரோகிராம் எனப்படும் மடிப்புக் கடிதம் பிறந்ததும் ஈராக்கில்தான், 1933இல். அரபு மண்ணில் பிறந்த அந்த மெல்லிய தாளும், சிவப்பு நீலக் கரையிட்ட உறையும் எழுபதுகளுக்குப் பிறகு நம் வீடுகளுக்கு அரபு மண்ணிலிருந்தே வரத் தொடங்கின. வளைகுடாவுக்கு உழைக்கப் போன பிள்ளைகளின் கடிதங்கள் அவை. தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் உம்மாமார் வாசலுக்கே வந்துவிடுவார்கள்.

1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். சுமார் 75,000 பேர் என்பது பரவலான கணக்கு. முல்லைத்தீவின் தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி போன்ற ஊர்களும் வெறிச்சோடின. காணி உறுதிகளும் பள்ளிவாசல் பதிவேடுகளும் பல இடங்களில் அழிந்தன.

புத்தளத்தில் ஒரு மூதாட்டி எனக்கொரு உறையைக் காட்டினார். சவூதி முத்திரை, அதில் கஃபாவின் படம். பின்புறம் முள்ளியவளைத் தபாற் கந்தோரின் சீல். “கஃபா படம் கிடக்குது, எப்படி மகன் எறியிற? குர்ஆனோட சேர்த்துத்தான் கொண்டு வந்த” என்றார். பிறகு விரலால் முகவரியைத் தடவி, “எங்கட ஊர்ப் பேரும் இதிலதான் இருக்கு” என்றார்.

சித்திலெப்பைக்கும் ஏ.எம்.ஏ. அஸீஸுக்கும் முத்திரை வெளியிடப்பட்டது நமக்குப் பெருமை. அவற்றின் முதல்நாள் உறைகளை நானும் வைத்திருக்கிறேன். ஆனால் தண்ணீரூற்றுக்கு யார் முத்திரை வெளியிட்டார்கள்? அந்த ஊருக்குக் கிடைத்ததெல்லாம் தபாற் கந்தோரின் சீல் மட்டுமே. பெறுநரின் பெயர், ஊர், திகதி மூன்றும் ஒரே தாளில் பதிந்திருப்பதால் அது வரலாற்றுச் சான்றாகிறது. நீதிமன்றத்தில் அது காணி உறுதிக்கு ஈடாகாது. ஆனால் “நீங்கள் எப்போது இங்கே இருந்தீர்கள்?” என்று கேட்கிறவனுக்கு முன்னால் அது பேசும்.

எனவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். பழைய உறை கிடைத்தால் முத்திரையை மட்டும் வெட்டி எடுக்காதீர்கள். வெட்டினால் சீல் பாதியாகும், ஊர் போய்விடும். பசை தடவி அல்பத்தில் ஒட்டவும் வேண்டாம். முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் படமெடுத்து, யாருக்கு யார் எழுதியது என்பதை மூத்தவர்களிடம் கேட்டுத் தனித்தாளில் எழுதி வையுங்கள். கறையானும் ஈரமும் எட்டாத இடத்தில் உறையைப் பத்திரப்படுத்துங்கள். ஒவ்வொரு பள்ளிவாசலும் பாடசாலையும் தன் ஊர்ச் சீல் பதிந்த உறைகளின் படங்களை ஒரு கோப்பில் சேர்த்தால் போதும். எழுதப்படாத ஊர் வரலாற்றின் முதல் அத்தியாயம் அதிலிருந்தே தொடங்கலாம்.