மெருகுக்குள் மறைந்த வண்ணங்கள்

பழைய மரப் பொருளைப் புதுப்பிப்பதென்றால் அதன்மேல் புதிதாக எதையேனும் பூசுவதே என்னும் எண்ணம் நம்மிடையே ஊறிப்போயிருக்கிறது. நல்லெண்ணத்தோடு செய்யும் அப்பணி எத்துணைப் பெரிய இழப்பில் முடியக்கூடும் என்பதற்கு, திமிஷ்க் எனப்படும் டமாஸ்கஸ் மாநகரின் மர அறைகள் சான்றாக நிற்கின்றன.

உதுமானியர் ஆட்சிக் காலத்தில் ஹஜ் பயணக் கூட்டம் ஆண்டுதோறும் டமாஸ்கஸில் திரண்டே ஹிஜாஸுக்குப் புறப்பட்டது. அதனோடு வணிகமும் செழித்தது. அந்நகரத்துச் செல்வர் வீடுகள் தெருப்பக்கம் எளிய சுவர்களையே காட்டும். உள்ளே சென்றால் முற்றமும் நீரூற்றும், அவற்றை அடுத்து விருந்தினர் கூடமும் இருக்கும். கூடத்தின் சுவர்ப் பலகைகள், அலமாரிகள், கதவுகள், விதானம் யாவும் வண்ணம் தீட்டிய மரமே. பூச்சாடி, கனித்தட்டு, கொடி ஆகிய சித்திரங்களுக்கிடையே அரபுக் கவிதை அடிகள் எழிலுற எழுதப்பட்டிருக்கும்.

இவ்வேலைப்பாட்டுக்கு ‘அஜமி’ என்று பெயர். அரபியரல்லாதாரை, சிறப்பாகப் பாரசீகரை, அச்சொல் குறிப்பதை நாம் அறிவோம். பெரும்பாலும் பாப்லார் மரத்தாலான பலகைமீது, ஜிப்ஸத்தைப் பசையோடு குழைத்துக் கோலமிடுவதுபோல் புடைப்புச் சித்திரம் வரைவார்கள். அது காய்ந்தபின் சில பகுதிகளில் தங்க ரேக்கும் சில பகுதிகளில் வெள்ளீய ரேக்கும் ஒட்டுவார்கள். ஈய ரேக்கின்மேல் சிவப்பு, பச்சை முதலிய நிறமேற்றிய மெல்லிய மெருகைப் பூசினால், உள்ளிருந்து ஒளி வருவதுபோல் அது மின்னும். பின்னணிக்கோ சாதிலிங்கம், அரிதாரம், அவுரி நீலம் போன்ற நிறங்களைப் பளபளப்பின்றிப் பூசுவார்கள். மின்னும் இடமும் மின்னாத இடமும் அருகருகே நிற்பதே அஜமிக் கலையின் உயிர்.

அவ்வுயிரைத்தான் வார்னிஷ் பறித்தது. பலகைகள் மங்கியபோதெல்லாம் பின்வந்தோர் பராமரிப்பென்று கருதி அவற்றின்மேல் வார்னிஷ் பூசினர். பூசியவுடன் எல்லாம் பளிச்சிட்டது. ஆண்டுகள் செல்லச் செல்ல அப்பூச்சே பழுத்துக் கறுத்தது. நீலம் கரும்பச்சையாய்த் தோன்றிற்று; வெண்மை பழுப்பாயிற்று. மின்னாதிருக்க வேண்டிய பின்னணியும் மின்னியதால் சித்திரத்தின் அமைதியே குலைந்தது.

இன்று நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் ஹிஜ்ரி 1119, அதாவது கி.பி. 1707 எனத் தேதியிட்ட டமாஸ்கஸ் கூடம் ஒன்றிருக்கிறது. அதன் கருந்தவிட்டு நிறத்தைக் காண்போர், பழமையின் கம்பீரம் இதுவென வியக்கின்றனர். அவர்கள் காண்பது பெரும்பாலும் கறுத்த வார்னிஷையே.

மாறாக, ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் 1810-ஆம் ஆண்டளவில் செய்யப்பட்ட மற்றொரு கூடம் உண்டு. 1899-ல் டமாஸ்கஸில் விலைக்கு வாங்கப்பட்ட அதன் பலகைகள், 1930-ல் டிரெஸ்டன் அருங்காட்சியகத்தைச் சேர்ந்து, நெடுங்காலம் கிடங்கிலேயே கிடந்தன. 1997-ல் அவற்றை மீண்டும் வெளியே எடுத்துத் தூசு நீக்கியபோது, வார்னிஷ் படாத மூல வண்ணங்கள் வெளிப்பட்டன. அஜமிக் கலைஞன் எத்தகைய ஒளியைக் கருதி உழைத்தான் என்பதை அறிஞர்கள் தெளிவாக அறிய, கவனிப்பாரற்றுக் கிடந்த அப்பலகைகளே பெரிதும் உதவின!

பராமரிப்பே கூடாதென்று நாம் கூறவில்லை. வண்ணமும் மெருகும் மரத்துக்குக் காப்பே. ஆயினும், பழம்பொருளின்மேல் தூரிகை வைக்குமுன் அடியில் இருப்பது என்னவென்று அறிந்துகொள்வது கடமை. நம் பாட்டனார் கடல் கடந்து கொண்டுவந்த பெட்டகமோ, பாட்டியார் சீராகப் பெற்ற அலமாரியோ நம் இல்லத்தில் இருக்கலாம். உப்புத்தாள் கொண்டு தேய்க்கவும் எனாமல் பூசவும் ஆள் அழைக்குமுன், மெல்லிய துணியால் தூசு துடைத்து, நல்ல வெளிச்சத்தில் அதனை ஒருமுறை உற்று நோக்குவோம். தேர்ந்த தச்சரிடம் காட்டிக் கருத்துக் கேட்போம். பூசாமல் விட்டதை நாளையும் பூசிக்கொள்ளலாம்; சுரண்டியெடுத்த சித்திரமோ திரும்ப வராது.