வெள்ளீய நிலத்தின் நடைவழிகள்

இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில், அட்லாண்டிக் கடலை நோக்கி நீண்டு கிடக்கும் நிலமுனை கார்ன்வால். குறிஞ்சியும் நெய்தலும் ஒன்றையொன்று தழுவிக் கிடப்பதைப் போன்றதோர் அமைப்பு அந்நிலத்திற்கு உண்டு. கருங்கற் குன்றுகள் இறங்கும் இடத்திலேயே கடல் தொடங்கிவிடுகிறது. அங்கே நடந்து செல்வோரின் கண்ணில் முதலில் படுவன, கூரையிழந்து நிற்கும் உயர்ந்த கற்கூடங்களும் அவற்றின் மூலையில் எழும் புகைபோக்கிகளுமே ஆகும். புதியவர் அவற்றைப் பாழடைந்த தேவாலயங்கள் என மயங்குதல் இயல்பு. உண்மையில் அவை சுரங்கத்து நீரை இறைத்த நீராவி எந்திரங்களின் வீடுகள். வெள்ளீயமும் செம்பும் தோண்டிய இந்நிலத்தின் பத்துப் பகுதிகளை, அண்டையிலுள்ள மேற்கு டெவனையும் சேர்த்து, யுனெஸ்கோ நிறுவனம் 2006ஆம் ஆண்டில் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெறச் செய்தது.

இன்று உலாவுக்கென அமைந்த பாதைகள் அனைத்தும் ஒரு காலத்தில் பிழைப்புக்கென அமைந்தவை என்பது ஈண்டுக் கருதத்தக்கது. ஏறத்தாழ 1,014 கிலோமீட்டர் நீளமுள்ள தென்மேற்குக் கடற்கரைப் பாதை, கள்ளக்கடத்தலைக் கண்காணித்த கடலோரக் காவலர்களின் காலடியில் உருவானது. வடகரையிலுள்ள போர்ட்ரீத்திலிருந்து தென்கரையிலுள்ள டெவோரன் வரை செல்லும் 18 கிலோமீட்டர்ப் பாதையோ, குதிரைகள் தாதுவண்டிகளை இழுத்த பழைய இருப்புத்தடங்களின் மேல் அமைந்தது. அத்தடங்களுள் ஒன்று 1809இல் தொடங்கப்பெற்றது. ரெட்ரூத், கேம்போர்ன் ஆகிய ஊர்களுக்கு அருகே கார்ன் பிரே குன்றைச் சுற்றிவரும் 12 கிலோமீட்டர்ப் பாதைக்குப் 'பெருந்தட்டைப் படிவம்' என்னும் பொருள்படும் பெயர் வழங்குகிறது. பிற தாதுப்படிவங்கள் செங்குத்தாக நிலத்துள் இறங்க, இங்குள்ள படிவம் மட்டும் ஏறத்தாழ முப்பது பாகைச் சாய்வில் கிடந்தமையால் வந்த பெயர் அது. நிலத்தின் அடியில் கிடந்த கனிமத்தின் கிடக்கையே மேலே நடப்பவனின் பாதைக்குப் பெயராயிற்று.

ஊர்ப்பெயர்கள் தமிழ் ஆய்வாளர்க்கு இன்னும் சுவை தருவன. கெல்டிய மொழிகளுள் ஒன்றாகிய கார்னிஷ், பேச்சுமொழி என்ற நிலையில் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியோடு ஏறக்குறைய அற்றுப்போயிற்று. 1777இல் மறைந்த டாலி பென்டிரீத் என்னும் மீன்காரப் பெண்ணையே அம்மொழியின் இறுதிப் பேச்சாளராக மரபு சொல்கிறது. இதனை மறுப்பாரும் உளர். பேசுவோர் நாவில் மறைந்த மொழி சுரங்கத்தில் மறையவில்லை. சுரங்கப் பெயர்களின் முன்னொட்டாக வரும் 'வீல்' என்பது பணியிடத்தைக் குறிக்கும் கார்னிஷ் சொல். 'பால்' என்பதும் சுரங்கமே. ரெட்ரூத் என்பதற்குச் செந்நிறத் துறை என்பது பொருள். துறை என்றது ஆற்றைக் கடக்கும் இடத்தை. இருபதாம் நூற்றாண்டில் அம்மொழியை மீட்க முனைந்தோர்க்கு ஏடுகள் ஒருபுறம் உதவின என்றால், இப்பெயர்கள் மறுபுறம் உதவின.

'பால்' என்னும் அச்சொல்லோடு சேர்ந்தே சுரங்கப் பெண்களின் பெயரும் நிற்கிறது. 'பால் மெய்டன்' எனப்பட்ட அப்பெண்கள் சுரங்கத்துள் இறங்குவதில்லை. தரைமட்டத்தில் நின்று, மேலே வந்த கல்லைச் சுத்தியலால் உடைத்துத் தாதுவைப் பிரித்தனர். பத்து வயதுச் சிறுமியரும் அவர்களுள் இருந்தனர். முகத்தையும் கழுத்தையும் மூடும் துணித்தொப்பியும் வெள்ளை முன்றானையும் அவர்தம் உடை. எந்திரக் கூடங்கள் கல்லாதலின் நின்றன. பெண்கள் உழைத்த இடங்களோ பெரும்பாலும் திறந்தவெளிகளும் மரக்கொட்டகைகளும் ஆதலின் எஞ்சவில்லை. எது கல்லால் ஆயதோ அதுவே வரலாறாக எஞ்சுகிறது என்னும் இக்குறை கார்ன்வாலுக்கு மட்டும் உரியதன்று. ஆயினும் நடப்பவர் பலர் புகைபோக்கியை அண்ணாந்து பார்த்தவாறே, அப்பெண்கள் நின்ற தரையை மிதித்துக் கடந்துவிடுகின்றனர்.

போட்டாலக் கடற்பாறைகளின் அருகே, வெள்ளைப் பாடாணம் எனப்படும் ஆர்செனிக்கை வடித்த சுருள்வழிக் கூடத்தின் இடிபாடுகள் உள்ளன. தாதுவை வறுக்கும்போது எழும் நச்சுப்புகை அந்தச் சுருள்வழிகளில் குளிர்ந்து சுவரில் படியும். அதனைச் சுரண்டி எடுத்த தொழிலாளர் மூக்கில் பஞ்சும் தோலில் களிமண்ணும் பூசிக்கொண்டனர். அந்நஞ்சு அமெரிக்கப் பருத்தி வயல்களில் வண்டுகளைக் கொல்லப் பயன்பட்டது.

சற்று வடக்கே லெவன்ட் சுரங்கம். அதன் வழிகள் கடலுக்கு அடியில் ஒரு மைலுக்கு மேல் சென்றன. ஏணியில் ஏறி இறங்கும் துன்பத்தைக் குறைக்க, மேலும் கீழும் அசையும் நீண்ட மரத்தண்டில் படிகள் பொருத்திய 'ஆளேற்று எந்திரம்' அங்கே இயங்கியது. தண்டு ஒருமுறை உயரும்போது படியில் நின்று, அது மீண்டும் இறங்குமுன் பக்கச்சுவரின் மேடைக்கு மாறி, இவ்வாறே மாறிமாறி மேலே வருதல் முறை. 1919 அக்டோபர் 20ஆம் நாள் பணிமுடிந்து ஆட்கள் ஏறிவந்துகொண்டிருந்தபோது தண்டின் உச்சியிலிருந்த இணைப்பு முறிந்தது. 31 பேர் மாண்டனர். ஆழத்தில் இருந்த பகுதிகள் அதன்பின் மீண்டும் வெட்டப்படவில்லை. 1930இல் சுரங்கமே மூடப்பட்டது.

இப்பாதைகளில் நடந்தோருள் கவிஞர் ஒருவரும் உண்டு. அவரைப் பற்றிக் கவிதை அன்பர்க்குச் சற்று விரித்துரைத்தல் தகும். ஜான் ஹாரிஸ் (1820–1884) கேம்போர்ன் அருகே பொலனோ என்னும் குன்றூரில் பிறந்தவர். பத்து வயதளவில் டால்கோத் சுரங்கத்தின் தரைமட்டப் பணியிலும், சில ஆண்டுகளுக்குள் நிலத்தடிப் பணியிலும் சேர்ந்தார். இருபது ஆண்டுகளுக்கு மேல் அவ்வேலையிலேயே கழித்தார். குன்றூரிலிருந்து சுரங்கத்திற்கு நாள்தோறும் நடந்து சென்ற வழியே அவருக்குப் பள்ளியாயிற்று. மை வாங்க வகையில்லாத இளமையில் கருநாவற்பழம் போன்ற ஒரு முட்புதர்க் கனியின் சாற்றை மையாக்கினார். மளிகைப் பொட்டலத் தாளே அவருக்கு ஏடு. முதல் தொகுதி 1853இல் வெளிவந்தது. 1855இல் மகள் லுக்ரீஷியாவை இழந்தார். அவ்விழப்பைப் பாடிய இரங்கற்பா அவருடைய பாடல்களுள் உள்ளத்தை உருக்குவது. 1857இல் சுரங்கத்தைவிட்டு, பால்மத் நகரில் ஏழையர்க்கு விவிலியம் படித்துக்காட்டும் பணியை மேற்கொண்டார். 1864இல் ஷேக்ஸ்பியரின் முந்நூறாம் ஆண்டு விழாப் போட்டியில் அவருடைய கவிதை பரிசு பெற்றது. பரிசு ஒரு பொற்கடிகாரம். தாதுவின் அளவைச் சுரங்கக் கணக்கேடுகள் சொல்லும். அங்கே ஒருவன் பாட்டிசைத்துக்கொண்டு பாறை உடைத்தான் என்பதை அவர் நூல்களன்றி வேறெவை சொல்லும்? ஆங்கில இலக்கிய வரலாறுகள் அவரைப் பெரிதும் பேசாமல் விட்டது நேர்மையன்று.

1866ஆம் ஆண்டின் வீழ்ச்சியில் கார்ன்வாலின் செம்புத் தொழில் நிலைகுலைந்தது. சுரங்கத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் கப்பலேறினர். மெக்சிகோ, தென் ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா என எங்கெல்லாம் நிலத்தில் துளை இருந்ததோ அங்கெல்லாம் அவர்கள் இருந்தனர். அவ்வழிகளுள் ஒன்று நம் வாசலுக்கே வந்தது. கார்ன்வாலில் பெருஞ்சுரங்கங்களை நடத்திய ஜான் டெய்லரின் வழிவந்த நிறுவனம் 1880இல் மைசூர் நாட்டின் கோலார் தங்கவயலில் காலூன்றியது. கார்ன்வாலின் சுரங்கத் தலைவர்கள் மேலாளராக வந்தனர். வட ஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து சென்ற தமிழர்கள், அவர்களுள் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட வகுப்பினர், ஆழத்தில் இறங்கினர். உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாகிய சாம்பியன் ரீஃப் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் இறங்கியது. அழுத்தம் தாளாமல் பாறை திடீரென வெடித்துச் சிதறும் கொடுமையில் மடிந்தோர் பலர். டெய்லர் நிறுவனத்தின் ஆட்சி 1956 வரை நீடித்தது; 2001 பிப்ரவரி 28 அன்று தங்கவயல் மூடப்பட்டது.

கார்ன்வாலில் கீவோர் 1990இலும், இறுதிச் சுரங்கமாகிய சவுத் கிராப்டி 1998இலும் மூடின. கீவோர் இன்று அருங்காட்சியகம். சவுத் கிராப்டியை மீளத் திறக்கும் முயற்சியாக 2023இல் நீர் இறைக்கும் பணி தொடங்கியது. பழைய குழிவாய்கள் பலவற்றில், மனிதர் விழாதவாறும் உள்ளே வாழும் வௌவால்கள் வந்துபோகுமாறும் கூம்பு வடிவில் கம்பிவலை கவிக்கப்பட்டுள்ளது. வழியோரப் பலகைகள் எந்திரத்தின் ஆற்றலையும் குழியின் ஆழத்தையும் சொல்கின்றன.

கோலாரில் அத்தகைய வழிப்பலகைகளைத் தேட வேண்டியிருக்கிறது. தங்கம் கரைத்தெடுத்தபின் கொட்டிய சயனைடு மண் வெள்ளை மேடுகளாய் எழுந்து நிற்கிறது. மேற்காற்றுக் காலத்தில் அப்பொடி குடியிருப்புகளின் மேல் படிகிறது. ஒருகாலத்தில் பணிச்சங்கு ஒலி கேட்டு விளக்கோடு குழிவாய்க்கு நடந்தவர்களின் பேரப்பிள்ளைகள், விடியுமுன்னே அதே தெருக்களில் நடந்து, பெங்களூர் செல்லும் இரயிலைப் பிடிக்கின்றனர்.