ஒருசந்தியும் சுத்தபோசனமும்

பெங்களூர்ச் சிவாஜி நகரில் வாழும் தமிழர்க்குப் புனித மரியன்னை ஆலயத்தின் நெடிய கோபுரம் புதிய காட்சியன்று. செஞ்சிப் பக்கத்திலிருந்து குடிபெயர்ந்த தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கென எழுந்த கூரைக் கோயிலின் வழிவந்ததே அது. இன்றைய கட்டடம் 1882-இல் அபிஷேகம் பெற்றது. 1973-இல் பேராலயம் என்னும் சிறப்பும் எய்தியது. அதன் செப்டம்பர்த் திருவிழாவை நம்மில் பலர் கண்டிருப்போம். ஆரவாரமற்ற பிறிதொரு காலமும் அங்கு உண்டு. சாம்பல் புதனில் தொடங்கி, ஞாயிறுகள் நீங்கலாக நாற்பது நாள் நிகழும் அதனைத் தவக்காலம் என்று கத்தோலிக்கரும், லெந்து நாட்கள் என்று சீர்திருத்த சபையினரும் வழங்குவர்.

அந்நாட்களில் விருப்பமான ஒன்றை விட்டிருப்பது மரபு. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு, இவ்விடுதலை எச்சொல்லாற் கூறுவது என்பது சிறிய வினாவன்று. துறவு என்றால் பொருந்தாது. துறந்தவர் மீண்டும் கொள்வதில்லை, இவர்களோ உயிர்த்த ஞாயிறன்று மீளக் கொள்வர். முன்னோர் இரு சொற்களை ஆண்டனர். ஒரு வேளை மட்டும் முழு உணவு கொள்வது ஒருசந்தி. புலால் நீக்கி உண்பது சுத்தபோசனம். முன்னது, சனிக்கிழமைதோறும் ஒருபொழுது இருந்த நம் பாட்டிமார் சட்டென உணர்ந்துகொள்ளக்கூடிய சொல்.

பின்னதில்தான் இடர்ப்பாடு. ஐரோப்பியச் சபை புலாலை விலக்கியது, அது தூய்மையற்றது என்பதால் அன்று. நல்லதும் சுவையுள்ளதும் ஆதலால், அதனை விடுவதே காணிக்கை என்பதனால். தமிழ்நாட்டிலோ புலாலுண்ணாமை பிறப்பின் மேன்மைக்கு அடையாளமாகிவிட்டது. 1606-இல் மதுரை வந்த தத்துவ போதகர் இராபர்ட் டி நோபிலி, சோறும் பாலும் கீரையும் ஒரு வேளை உண்டு, நாற்பது நாளுக்குரியதை ஆண்டு முழுமைக்கும் ஏற்றார். அவர் இசைவளித்த பூணூல், குடுமி முதலியவை பற்றிச் சபைக்குள்ளேயே வழக்கெழுந்து, 1623-இல் போப்பரசர் பதினைந்தாம் கிரகோரியார் அவற்றுக்கு அனுமதி தந்தார். அவருடைய உணவு தவமா, ஊர் மதிப்பைப் பெறும் உபாயமா? இரண்டும் என்பதே நம் கருத்து. ஆயின் 'சுத்தம்' என்னும் அச்சொல், நாள்தோறும் புலாலுண்ட ஏழை விசுவாசியை என்னவென்று சுட்டியது என்பதையும் எண்ணாதிருக்க இயலவில்லை.

பண்டிகை நாளில் மட்டும் இறைச்சி கண்ட கூலியாளுக்கு விடுவதற்குத்தான் என்ன இருந்தது! கடும் உடலுழைப்பினர்க்கு ஒருசந்தியிலிருந்து பழைய விதியே விலக்களித்திருந்தது. 1966-இல் போப்பரசர் ஆறாம் பவுல், கட்டாய ஒருசந்தியைச் சாம்பல் புதன், பெரிய வெள்ளி என்னும் இரு நாட்களாகச் சுருக்கினார். தவத்தின் ஒரு பகுதியை வேண்டுதலாகவும் தருமமாகவும் மாற்றிக்கொள்ள ஆயர்களுக்கு இடமளித்தார். எனவே, எதனை விடுவது என்பது பெரும்பாலும் அவரவர் தேர்வாயிற்று. ஒருவர் காப்பியை விடுவார், ஒருவர் சினிமாவை.

இது புதுமையுமன்று. 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஹெர்மாஸ் என்பாரின் 'மேய்ப்பர்' என்னும் நூல், நோன்பன்று மிச்சமாகும் உணவின் விலையைக் கணக்கிட்டுக் கைம்பெண்ணுக்கோ அநாதைக்கோ இல்லாதவர்க்கோ கொடுத்துவிடுமாறு பணிக்கிறது. விட்டது யாரிடம் போய்ச் சேர்கிறது என்பதே அங்குக் கேள்வி. உண்டவர் தூயவரா என்பதன்று. நம்மிடம் யாரேனும் இன்று மொழிபெயர்க்கத் தருவாராயின், ஒருசந்தியை அப்படியே வைத்துக்கொள்வோம். மற்றதற்குப் புலால் விடுதல் என்றே எழுதுவோம்.