மணற்பலகையும் மின்திரையும்: சேதுக்கரையில் ஆங்கிலம் கற்ற கதை

ஆங்கில வகுப்பில் இணையக் கருவிகளைப் பயன்படுத்துவது குறித்த கருத்தரங்குகள் இன்று கல்லூரிதோறும் நடைபெறுகின்றன. அவற்றில் வாசிக்கப்படும் கட்டுரைகளைக் கேட்கும்போதெல்லாம், கருவி என்ற ஒன்று இப்போதுதான் முதன்முதலாக வகுப்பறைக்குள் நுழைந்திருக்கிறது என்ற எண்ணம் கேட்பவர்க்கு உண்டாகிவிடுகிறது. நாம் தமிழ் கற்பிப்பவர்கள். ஆங்கிலம் நமது துறையன்று. ஆயினும் இராமநாதபுரம் கடற்கரையின் பிள்ளைகள் ஆங்கிலம் கற்ற வரலாறு தமிழ்க்கல்வி வரலாற்றின் ஒரு பகுதியே என்பதால், அதைச் சற்றே பின்னோக்கிப் பார்ப்பது பயனுடையதாகும்.

மெக்காலேயின் குறிப்பு 1835இல் எழுதப்பட்டது. இந்தியாவில் ஆங்கிலக் கல்வியைப் பற்றிய பேச்சு அங்கிருந்து தொடங்குவதே வழக்கம். ஆனால் அதற்கு ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே இராமநாதபுரத்தில் ஆங்கிலப் பள்ளி இருந்தது. தஞ்சை அரசவையில் கும்பினியாரின் பிரதிநிதியாக இருந்த ஜான் சல்லிவன், லுத்தரன் மிஷனரியான சுவார்ட்ஸ் பாதிரியார் ஆகிய இருவரது முயற்சியால் தஞ்சை, இராமநாதபுரம், சிவகங்கை ஆகிய மூன்று இடங்களில் 1785ஆம் ஆண்டையொட்டி ஆங்கிலப் பள்ளிகள் எழுந்தன. அந்தந்தச் சீமை மன்னர்களின் இசைவோடு தொடங்கிய அப்பள்ளிகளுக்கு, பள்ளிக்கு ஆண்டொன்றுக்கு 250 வராகன் வீதம் வழங்கக் கும்பினியின் இயக்குநர் அவை 1787இல் ஒப்புதல் அளித்தது. நிர்வாகத்துக்கு மொழி தெரிந்த ஆட்கள் தேவைப்பட்டனர். கற்பவர்க்கோ அது உத்தியோகத்துக்கான வழி. இந்த இரு தேவைகளும் இன்றுவரை பெரிதும் மாறவில்லை. சுவார்ட்ஸ் பெயர் தாங்கிய உயர்நிலைப் பள்ளியில்தான் பின்னாளில் இராமேசுவரத்துச் சிறுவன் அப்துல் கலாம் பயின்றார் என்பதை யாவரும் அறிவர்.

அதே காலத்தில் சென்னையில் வேறொன்று நிகழ்ந்தது. எழும்பூரில் இருந்த ஆண் அநாதைகள் விடுதியின் கண்காணிப்பாளராக 1789இல் பொறுப்பேற்றவர் ஆண்ட்ரூ பெல். நம் நாட்டுத் திண்ணைப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுத்துக்களை எழுதிப் பழகுவதை அவர் கண்டார். காகிதமும் இறகுப்பேனாவும் விலை மிகுந்திருந்த நாளில் இது எத்தனை எளிய வழி! தம் விடுதியில் அவ்வாறே ஆங்கில எழுத்துக்களைக் கற்பிக்கச் சொன்னார். ஆசிரியர்கள் இணங்கவில்லை. எனவே ஜான் ஃப்ரிஸ்கென் என்ற எட்டு வயதுச் சிறுவனிடம் சிறுவர் வகுப்பை ஒப்படைத்தார். அவன் செய்து காட்டினான். தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும் இம்முறையைப் பெல் 1797இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்தின் பள்ளிகளில் பரவியது. 1811இல் தோன்றிய தேசியச் சங்கம் அம்முறையையே தன் பள்ளிகளில் கைக்கொண்டது. நம் சட்டாம்பிள்ளையும் நம் மணலும் கப்பலேறிச் சென்று ஆங்கிலேயச் சிறுவர்களுக்கு ஆங்கிலம் கற்பித்தன என்றால் அது மிகையன்று.

இக்கதையில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. மணற்பலகையைப் பெல் கொண்டாடியதற்குக் காரணம் அதன் மலிவு. ஓர் ஆசிரியரைக் கொண்டு நூறு பேருக்குப் பாடம் நடத்தலாம் என்பதே மெட்ராஸ் முறையின் பெருங்கவர்ச்சியாக இருந்தது. புதிய கருவி ஒவ்வொன்றும் வரும்போது ‘இனி ஆசிரியர் குறைவாக இருந்தால் போதும்’ என்ற குரலும் கூடவே வருவது அன்றே தொடங்கிவிட்டது.

விடுதலைக்குப் பின் மற்றொரு பெருமுயற்சி நடந்தது. சென்னை மாநிலத்தில் 1959இல் தொடங்கிய ஆங்கிலம் கற்பித்தல் இயக்கம், ஏறத்தாழ 27,000 தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்குப் புதிய முறையில் பயிற்சியளிக்க முனைந்தது. சிலர் பயிற்சி பெற்றுப் பலருக்கு அளிக்க, அவர்கள் இன்னும் பலருக்கு அளிக்க, உருளுந்தோறும் பெருக்கும் பனிப்பந்தைப் போல் அது வளரும் என்று கருதி ‘மெட்ராஸ் பனிப்பந்து’ என்றே அதற்குப் பெயரிட்டனர். பனியையே காணாத ஊர்களுக்கு அந்தப் பந்து உருண்டு வந்தது. வாக்கிய அமைப்புகளைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகுவதே அம்முறை. நமது தலைமுறையின் ஆசிரியர்கள் பலரும் அதன் வழி வந்தவர்களே. வாய்பாடு போல வாக்கியங்களை ஒப்பித்தோம். ஆனால் பேச வாய் வரவில்லை.

அக்குறையை முன்வைத்துச் சோதனை செய்தவர் என்.எஸ்.பிரபு. 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை உள்ளிட்ட ஊர்களின் சாதாரணப் பள்ளிகளில் அவரது திட்டம் நடந்தது. புதிய கருவி எதுவும் இல்லை. கரும்பலகை, சுண்ணாம்புக்கட்டி, தாள் அவ்வளவே. இரயில் கால அட்டவணையையோ ஊரின் வரைபடத்தையோ கொடுத்து, ஒரு சிக்கலை விடுவிக்கச் சொன்னார்கள். மாணவரின் கவனம் பொருளின்மீது இருக்கும்போது மொழியின் அமைப்பு தானே உள்ளிறங்கும் என்பது பிரபுவின் துணிபு. 1987இல் நூலாக வந்த அச்சோதனை உலகெங்கும் மொழியாசிரியர்களால் இன்றும் பேசப்படுகிறது.

இனி இணையத்துக்கு வருவோம். இந்தியாவில் 1995 ஆகஸ்டு 15 அன்று பொதுமக்களுக்கு இணையம் திறந்துவிடப்பட்டது. தொடக்க நகரங்களில் சென்னையும் ஒன்று. பாம்பன் தீவில் தங்கச்சிமடத்துக்கு 2004 அக்டோபரில் செயற்கைக்கோள் வழி இணைப்பு கிடைத்தது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனமும் அமைத்த கிராம வளமையம் அது. 2011இல் அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அதே ஆண்டு கூகுள் மொழிபெயர்ப்பில் தமிழ் சேர்ந்தது. 2018இன் புதிய பாடநூல்களில் கைபேசியால் படிக்கத்தக்க விரைவுக் குறியீடுகள் அச்சாயின. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி வந்தது. கருவிகள் வரிசையாக வந்து நின்றன. 2020 மார்ச்சில் பள்ளிகளும் கல்லூரிகளும் மூடப்பட்டபோது, அவற்றையே நம்பி வாழவேண்டிய நிலை ஏற்பட்டது.

அந்நாட்களை நாம் மறக்க இயலாது. எமது மாணவர் பலரது வீட்டில் ஒரே கைபேசி. தந்தை கடலுக்குப் போகும்போது அதுவும் உடன் போயிற்று. 2021இல் விசைப்படகுகளுக்கான தடைக்காலம் வந்ததும் இணைய வகுப்பின் வருகைப்பதிவு கூடியது. கரையில் வருமானம் நின்றபோதுதான் வகுப்புக்குக் கைபேசி கிடைத்தது. திரையில் பெயர்கள் மட்டுமே தெரிந்தன, முகங்கள் இல்லை. ஒரு பாடத்தை எத்தனை பேர் கேட்டார்கள் என்பதைக் கருவி கணக்கிட்டுச் சொன்னது. எத்தனை பேருக்குப் புரிந்தது என்பதைச் சொல்லவில்லை.

எனினும் கருவியின் நன்மையை மறைப்பது நேர்மையன்று. உச்சரிப்பைக் கேட்டுத் திருத்தும் செயலியில் நம் மாணவி ஒருத்தி தினந்தோறும் இரவில் வாசித்துப் பழகினாள். வகுப்பில் வாயே திறவாத பெண். காரணம் கேட்டோம். “அது சிரிக்காது ஐயா” என்றாள். ஒரு சொல்லில் எத்தனை இழிவின் நினைவு! தலைமுறை தலைமுறையாக ஆங்கில வகுப்பு இப்பிள்ளைகளுக்குத் தந்திருந்த அச்சத்தைச் சலிப்பும் ஏளனமும் அறியாத ஓர் இயந்திரம் போக்கியது என்றால், அதற்கு நாம் நாணவும் வேண்டும். நன்றி சொல்லவும் வேண்டும்.

பின்னர் அவளும் தோழர்களும் தம் ஊரைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுத முற்பட்டனர். கொண்டல், கச்சான், வாடை, சோழகம் என்று திசைக்கொரு பெயர் சொல்லி வாழ்பவர்கள் கடற்கரையார். எந்தக் காற்றில் எந்த வலை என்பது அவர்களது படிப்பு. மொழிபெயர்ப்புக் கருவியில் அப்பெயர்களை இட்டபோது, சில வெறும் ‘காற்று’ என்றும் சில பொருளற்ற ஒலிகளாகவும் வந்தன. மாணவர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு சினந்தார்கள். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி இணையத்தில் கிடைக்கிறது என்று காட்டினோம். ‘கொண்டல்’ என்பதற்குக் கீழ்க்காற்று என்ற பொருளும் அதில் இருந்தது. 1930களில் நிறைவுற்ற நூல் கைபேசித் திரையில் அவர்களுக்குக் கைகொடுத்தது. அதற்கு மேல் இருந்ததை, எப்போது வீசும், எதைக் கொண்டுவரும், யாரைக் கொண்டுபோகும் என்பதை, அவர்களே ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியதாயிற்று. சொன்னார்கள். பிழைகள் இருந்தன, ஆனால் சொல்வதற்கு ஒன்று இருந்தது. பிரபுவின் வகுப்பில் இரயில் அட்டவணை செய்ததை இங்கே காற்றின் பெயர்கள் செய்தன.

இதிலிருந்து நாம் கொள்ளும் முடிவு எளியதே. மணலாயினும் திரையாயினும் கருவி பயிற்சியைத் தரும், அச்சத்தையும் போக்கலாம். ஆனால் மாணவர் சொல்வதைப் பொருட்படுத்திக் கேட்பதற்கு ஓர் ஆசிரியரும், சொல்வதற்குத் தம் ஊரும் தம் மொழியும் அவர்க்கு வேண்டும். 2022இன் இறுதியில் வந்து இன்று எங்கும் பரவிவிட்ட செயற்கை நுண்ணறிவு உரையாடிகளைக் காட்டி, ஆசிரியர் பணியிடம் எதற்கு என்று கேட்கும் குரல்கள் மீண்டும் எழுகின்றன. பெல் காலத்துக் குரல்தான் அது.

மாணவர்கள் இப்போது கடற்கரைச் சொற்களைத் தொகுத்து வருகிறார்கள். இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் அவர்களே எழுதிய ஆங்கில விளக்கம். காற்றுகள் முடிந்துவிட்டன, வலைகளைத் தொடங்கியிருக்கிறார்கள்.