எல்லா நகச்சொத்தையும் ஒன்றல்ல: அதிகம் அறியப்படாத ஈஸ்ட் பூஞ்சைகள்

கால் நகம் மஞ்சளாகித் தடித்து, ஓரம் பொடிப்பொடியாக உதிர்ந்தால் நகச்சொத்தை என்பார்கள். பூஞ்சையால் வரும் நகச்சொத்தைக்குப் பெரும்பாலும் காரணம் டிரைக்கோஃபைட்டன் ரூப்ரம் என்ற தோல் பூஞ்சை. விரலிடுக்கில் வரும் சேற்றுப்புண்ணுக்கும் இதுவே முக்கியக் காரணம். செம்பனைத் தோட்டத்தில் நாள் முழுதும் ரப்பர் பூட்ஸ் போட்டு வேலை செய்பவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல.

கை நகத்தின் கதை வேறு. அங்கே ஈஸ்ட் வகைப் பூஞ்சைகளின் பங்கு கூடுதல். ரொட்டி மாவைப் பொங்க வைக்கும் ஈஸ்டுக்கு இவை தூரத்து உறவு. சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவுபவர், சந்தையில் மீன் வெட்டுபவர், முடிதிருத்தும் நிலையத்தில் தலை அலசிவிடுபவர், வீட்டில் விடிந்தது முதல் தண்ணீரில் கை வைத்திருக்கும் தாய்மார் ஆகியோரே இதற்கு அதிகம் ஆளாகிறார்கள். நீரிழிவு உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல்.

நகத்தின் அடியில், தோலும் நகமும் சேரும் இடத்தை ஒரு மெல்லிய தோல் மூடியிருக்கும். வீட்டுக் கூரையில் ஒழுக்கு வராமல் அடைத்து வைத்தது போல அது நீரையும் கிருமியையும் தடுக்கிறது. தண்ணீரும் சோப்பும் மாறி மாறிப் படும்போது அந்தத் தோல் இற்றுப் போகிறது. அழகுக்காக அதை வெட்டி எடுப்பதும் அதே கேட்டைச் செய்கிறது. அதன் பிறகு நகத்தைச் சுற்றிய சதை சிவந்து வீங்கும், வாரக்கணக்கில் ஆறாது. ஈஸ்ட் அந்த இடுக்கில் குடியேறுகிறது. நாளடைவில் நகத்தில் குறுக்கே பள்ளங்கள் விழுந்து நிறம் மாறும். ஓரிரு நாளில் சீழ் கட்டித் தெறிக்கும் நகச்சுத்தி வேறு. அது பெரும்பாலும் பாக்டீரியாவால் வருவது. நகம் பச்சையாக மாறினாலும் பாக்டீரியாவைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

ஈஸ்ட் என்றதும் மருத்துவர்கள் நினைப்பது கேண்டிடா அல்பிகன்ஸ். குழந்தையின் வாயில் வெள்ளை படிவதும் இதனால்தான். ஆனால் நகத்தில் அகப்படுவது அது மட்டுமல்ல. கேண்டிடா பாராப்சிலோசிஸ் என்பது மனிதர் கைத்தோலில் இயல்பாகவே வாழ்வது. சில நாடுகளில் நகப் பரிசோதனையில் அல்பிகன்ஸை விட இதுவே அதிகம் தென்படுகிறது. 1928-இல் போர்ட்டோ ரிக்கோவில் ஆஷ்ஃபோர்டு என்ற மருத்துவர் இதைப் பிரித்தறிந்தார். அப்போது பேசப்பட்ட 'சைலோசிஸ்' என்ற மற்றொரு ஈஸ்டிலிருந்து வேறுபடுத்தவே இந்தப் பெயர். பெயரிலேயே இரண்டாம் இடம்!

இன்னும் அரிதானவையும் உண்டு. கேண்டிடா கில்லியர்மாண்டி, கேண்டிடா குரூசி, தலைமுடியில் வெள்ளை முடிச்சுகளை உண்டாக்கும் டிரைக்கோஸ்போரான், ஆய்வுத் தட்டில் இளஞ்சிவப்பாக வளரும் ரோடோடொருலா ஆகியவை அவற்றில் சில. குரூசி கொக்கோ விதையைப் புளிக்க வைக்கும்போது தாராளமாகப் பெருகும் ஈஸ்ட். அதற்காகக் கொக்கோவைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. எங்கும் இருக்கும் சாதுவான ஒன்று, பழுதுபட்ட நகத்தில் இடம் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

பெயர் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று கேட்கலாம். மருந்து அதைப் பொறுத்தே இருக்கிறது. கால் நகச்சொத்தைக்குப் பெரிதும் கொடுக்கப்படும் டெர்பினாஃபின் தோல் பூஞ்சையை நன்றாகக் கொல்லும்; பல ஈஸ்டுகளிடம் அந்த வேகம் இல்லை. ஈஸ்டுக்கு ஃபுளூகோனசோல், இட்ராகோனசோல் போன்றவை கைகொடுக்கின்றன. அதிலும் குரூசி, ரோடோடொருலா இரண்டுக்கும் ஃபுளூகோனசோல் பலிக்காது. பக்கத்து வீட்டுக்காரருக்குக் குணமான மாத்திரையை வாங்கி மாதக்கணக்கில் விழுங்கியும் நகம் மாறாததற்கு இது ஒரு காரணம். நகமே பூஞ்சையால் கெடாமல், அடிபட்டதாலோ சோரியாசிஸ் என்ற தோல் நோயாலோ கெட்டிருக்கலாம் என்பது இன்னொரு காரணம்.

எனவே மருந்துக்கு முன் பரிசோதனை தேவை. நகச்சாயம், மருதாணி, களிம்பு எதுவும் இல்லாமல் போக வேண்டும். பூஞ்சைக் களிம்பு பூசியிருந்தால் எத்தனை நாள் நிறுத்த வேண்டும் என்று கிளினிக்கில் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. நகத்தின் நுனியை மட்டும் வெட்டிக் கொடுத்தால் போதாது. நல்ல நகமும் கெட்ட நகமும் சேரும் இடத்து அடிப்பொடியையும் சுரண்டி எடுக்க வேண்டும். அதை நுண்ணோக்கியில் பார்த்து, பிறகு தட்டில் வளர்ப்பார்கள். ஈஸ்ட் இரண்டு மூன்று நாளில் முளைத்துவிடும். தோல் பூஞ்சைக்கு மூன்று நான்கு வாரமும் ஆகலாம். இங்கே ஒரு சிக்கல். தட்டில் முளைத்ததெல்லாம் குற்றவாளி அல்ல. தோலிலிருந்து தொற்றி வந்த வழிப்போக்கனாகவும் இருக்கலாம். நுண்ணோக்கியிலும் ஈஸ்ட் தெரிந்து, மறுமுறை எடுத்த மாதிரியிலும் அதே ஈஸ்ட் வந்து, தோல் பூஞ்சை வளராமல் இருந்தால் சந்தேகம் வலுக்கும். அபூர்வப் பெயர் அறிக்கையில் வந்தால் இந்த மறுபரிசோதனையை மருத்துவரிடம் கேட்பதில் தவறில்லை.

மாத்திரை தொடங்குமுன் தினமும் உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியலைக் கையில் கொண்டு போவது முக்கியம். கொலஸ்டிராலுக்கான சிம்வாஸ்டாட்டினோடு இட்ராகோனசோல் சேரக்கூடாது. தசை நார்கள் சிதையும். இதயம் பலவீனமானவர்களுக்கும் இட்ராகோனசோல் ஆகாது. கிளிபென்கிளமைடு போன்ற நீரிழிவு மாத்திரை எடுப்பவர் ஃபுளூகோனசோலும் எடுத்தால் சர்க்கரை திடீரென இறங்கக்கூடும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவரும், கல்லீரல் கோளாறு உள்ளவரும் கட்டாயம் சொல்லியாக வேண்டும்.

கையை ஈரத்திலிருந்து காக்காமல் மருந்து மட்டும் நிற்காது. ரப்பர் கையுறைக்கு உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை போட்டுக்கொண்டால் வியர்வை தேங்காது. வேலை முடிந்ததும் விரலிடுக்கு, நகவோரம் எல்லாம் துடைத்துவிட வேண்டும். கை நகம் மாதத்திற்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர்தான் வளரும். கெட்ட நகம் முழுதும் வெளியேறி நல்ல நகம் வர ஆறு மாதம் ஆகும். கால் பெருவிரலுக்கு ஒன்று முதல் ஒன்றரை ஆண்டு. இரண்டாம் மாதத்தில் பார்க்க வேண்டியது நகத்தின் நுனியை அல்ல. அடியில் புதிதாக வரும் பகுதி தெளிவாக இருக்கிறதா என்பதைத்தான்.