மூளைத்திறனைச் சோதிக்கும் மெய்நிகர் விளையாட்டு

முதியோரின் நினைவாற்றலை அறிய, கடிகாரம் வரையச் சொல்வதும் சொற்களை நினைவுகூரச் சொல்வதும் வழக்கம். சிங்ஹெல்த் பலதுறை மருந்தகங்கள் உருவாக்கிய ‘கேவைர்’, அச்சோதனையைக் கணினி விளையாட்டுபோல் நடத்துகிறது.

மெய்நிகர் கருவியைத் தலையில் அணிந்தவர், அன்றாட வேலைகளைக் காட்டும் காட்சிகளில் கையசைத்தும் பேசியும் பணிகளை முடிக்க வேண்டும். ‘கேவைர்-2’ 13 காட்சிகளில், ஆறு வகை அறிவாற்றலை 10 நிமிடங்களில் மதிப்பிடுகிறது. 55 முதல் 84 வயதுக்குட்பட்ட 280 பேரிடம் அதைச் சோதித்த ஆய்வு 2025ல் வெளியானது.

மனநலக் கழக ஆய்வின்படி, 2023ல் சிங்கப்பூரில் 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 8.8 விழுக்காட்டினருக்கு முதுமை மறதிநோய் இருந்தது.

மதிப்பெண் குறைந்தால் நோய் உறுதி என்று பொருளல்ல. மருத்துவரே அதை முடிவுசெய்வார். ஆனால், பழகிய தேக்கா சந்தையில் வழி தடுமாறினாலோ மீதிச் சில்லறையை எண்ணத் திணறினாலோ, ‘வயசானா அப்படித்தான்’ என்று விட்டுவிடாமல் மருத்துவரை நாடுவது நல்லது.