தண்ணீர்மலையில் உருவமும் மூலப்பொருளும்

பினாங்குத் தீவில் ஜார்ஜ் டவுனுக்கு மேற்கே அமைந்து, அருகிலுள்ள அருவியால் பெயர்பெற்ற தண்ணீர்மலை, மலாயாத் தமிழரின் முருக வழிபாட்டு வரலாற்றில் முதன்மையான இடங்களுள் ஒன்றாகும். 1786இல் கிழக்கிந்தியக் கம்பெனி தீவில் காலூன்றிய பின் அருவியின் நீர் நகரத்தின் குடிநீராயிற்று; அருவியருகே முருகனுக்கு இருந்த சிறு கோயில், நீர்வழங்கலின் பொருட்டு அப்பகுதி அரசின் கைக்குச் சென்றபோது குன்றின் வேறொரு பக்கத்துக்கு மாற்றப்பட்டதாகக் கோயில் மரபு கூறுகிறது. 1857இல் நாட்டுக்கோட்டை நகரத்தார் மலையடியில் தண்டாயுதபாணிக்குத் தனிக் கோயில் எழுப்பினர். 1894 முதல் வெள்ளித் தேர் ஓடலாயிற்று. 2012இல், ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகளேறிச் சென்றடையும் புதிய பெருங்கோயிலுக்குக் குன்றின்மேல் குடமுழுக்கு நடந்தது. 2017இல் தங்கத் தேரும் வந்து சேர்ந்தது. இடமும் கட்டடமும் உலோகமும் இவ்வாறு மாறிக்கொண்டேயிருக்க, வழிபாடு மட்டும் தொடர்ந்து ஒன்றே என்று மக்கள் கொள்வது எந்த அடிப்படையில் என்னும் வினா, உருவத்துக்கும் மூலப்பொருளுக்கும் இடையே தத்துவ நூல்கள் காட்டும் வேறுபாட்டின் நடுவே கொண்டு நிறுத்துகிறது.

கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் (கி.மு. 384–322), உண்டாகும் எதுவும் எதனால் ஆனதோ அதனை மூலப்பொருள் என்றும், அந்தப் பொருளை இன்னதென்று ஆக்கும் அமைப்பை உருவம் என்றும் பிரித்தார். சிலைக்கு வெண்கலத்தையும் கிண்ணத்துக்கு வெள்ளியையும் அவர் சான்று காட்டினார். அவர் கருத்தில் உருவம் என்பது கண்ணுக்குத் தெரியும் வடிவம் மட்டுமன்று. ஒரு பொருள் எதற்காக இருக்கிறதோ, எப்படிச் செயற்படுகிறதோ அதுவும் அதனுள் அடங்கும். ஆகவே மூலப்பொருள், உருவம், செய்பவர், நோக்கம் என நான்கு காரணங்களை அவர் வகுத்தார்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டாரும் அவர் மாணவர் அருணந்தி சிவாசாரியாரும் நிலைநிறுத்திய சைவ சித்தாந்தம் இதே சிக்கலை வேறு வழியில் அணுகுகிறது. குடம் உண்டாவதற்கு மண் முதற்காரணம். சக்கரமும் கோலும் துணைக்காரணம். குயவர் நிமித்த காரணம். இங்கே உருவத்துக்கெனத் தனிக் காரணம் வகுக்கப்படாமைக்குச் சற்காரியவாதம் விடை தருகிறது. இல்லாதது தோன்றாது, காரியம் தன் காரணத்துள் நுண்ணிலையில் முன்பே உள்ளது என்பது அக்கொள்கை. எனவே குடத்தின் உருவம் வெளியிலிருந்து மண்ணின்மேல் வந்து படிவதன்று. மண்ணில் அடங்கிக் கிடந்ததைக் குயவர் வெளிப்படுத்துகிறார். உருவம் பொருளுக்குள் கிடக்கிறது என்பதால் அதனை வெளிக்கொணரும் செயலும் செய்பவரும் இந்தச் சிந்தனையில் பெரும் இடம் பெறுகின்றனர்.

இக்கருத்தைக் கைத்தொழிலிலேயே காணலாம். தமிழ்நாட்டில் உலாத் திருமேனிகளை வார்க்கும் சுவாமிமலை ஸ்தபதிகள், தேன்மெழுகுடன் குங்கிலியத்தையும் எண்ணெயையும் சேர்த்துக் காய்ச்சி, அம்மெழுகில் படிமத்தை முழுமையாக வடிக்கின்றனர். அதன்மேல் காவிரியின் மெல்லிய வண்டல் மண்ணை முதலில் பூசி, உலர்ந்தபின் தடித்த மண்ணை அப்பி, கம்பியால் இறுக்கிச் சூடேற்றுகின்றனர். மெழுகு உருகி வெளியேற, உள்ளே வெற்றிடம் நிற்கிறது. அதில் உலோகக் குழம்பை வார்த்து, ஆறிய பின் மண் கருவை உடைத்து, உளியால் கண்ணும் அணியும் திருத்துகின்றனர். ஒரே உருவம் மெழுகில் இருந்து, மண்ணுக்குள் வெற்றிடமாகத் தங்கி, உலோகத்தில் நிலைபெறுகிறது. மெழுகும் மண்ணும் போய்விட, உருவம் அழியாமல் பொருள் விட்டுப் பொருள் செல்கிறது.

தண்ணீர்மலையின் தேர்கள் இவ்வேறுபாட்டை இன்னொரு கோணத்தில் விளக்குகின்றன. வெள்ளித் தேர் என்னும் வகைத் தேரில் பாரத்தைத் தாங்குவது மரச்சட்டமே. அரக்கின்மேல் வைத்துத் தட்டிப் பூவும் கொடியும் யாளியும் எழுப்பிய வெள்ளித் தகடுகள் அதன்மேல் போர்த்தப்படுகின்றன. வெள்ளி காட்சியைத் தருகிறது, மரம் தாங்குகிறது; ஆயினும் இரண்டும் சேர்ந்து கொட்டகையில் நிற்கும்போது தேர் தன் முழு உருவத்தை அடைந்துவிடுவதில்லை. தைப்பூசத்துக்கு முந்தைய நாள் பினாங்கு ஸ்ட்ரீட்டிலுள்ள நகரத்தார் கோயில் வீட்டிலிருந்து சுவாமி எழுந்தருளி, சாலையெங்கும் தமிழரும் சீனரும் தேங்காய் உடைக்கத் தண்ணீர்மலைக்குச் சென்று, பூசம் முடிந்தபின் திரும்பும்போதுதான், அரிஸ்டாட்டில் சொன்ன முழுப்பொருளில் அது தேராகிறது.

2017இல் வந்த தங்கத் தேரில், குயின் ஸ்ட்ரீட் மகா மாரியம்மன் கோயிலிலிருந்து வேல் எடுத்துச் செல்லப்படுகிறது. வெள்ளித் தேரில் எழுந்தருள்வது முகமும் கைகளும் கொண்ட திருமேனி. தங்கத் தேரில் செல்வதோ உடல் வடிவு இல்லாத, ஞானசக்தி என்று சைவர் போற்றும் வேல். மலாயாவின் தோட்டப்புறங்களிலும் மரத்தடியில் நட்ட வேலும் சூலமும் கல்லும் நெடுங்காலம் மூலவராக இருந்து, பின்னர் கட்டுக்கோப்பான கோயில்களாக வளர்ந்தன. உருவம் எளியதாக இருந்தமையால் வழிபாடு குறைபட்டதில்லை.

கோயிலைப் புதுப்பிக்கும்போது செய்யப்படும் கலாகர்ஷணம் என்னும் சடங்கு இங்கே பெரிதும் கருதத்தக்கது. படிமத்திலுள்ள தெய்வ ஆற்றலைக் குடத்து நீரில் எழுந்தருளச் செய்து, திருப்பணி முடிந்ததும் அந்நீரைக் கலசத்திலும் படிமத்திலும் சொரிந்து மீண்டும் நிலைநிறுத்துவது அதன் நோக்கம். குடத்தைச் சுற்றிய நூல் நாடிகளாகவும், உள்ளிருக்கும் நீர் குருதியாகவும், மேல்வைத்த தேங்காய் தலையாகவும் கொள்ளப்படுகின்றன. தனக்கென வடிவம் இல்லாத நீரே பழைய உருவத்துக்கும் புதிய உருவத்துக்கும் இடையே தெய்வம் தங்கும் இடமாகிறது. ஆகமங்கள் தொடர்ச்சியைக் கல்லிலும் வைக்கவில்லை, கல்லின் வடிவிலும் வைக்கவில்லை. தவறாது செய்யப்படும் கிரியையில் வைத்தன.

ஆகவே தண்ணீர்மலையின் வரலாற்றை வெள்ளியின் எடையையும் கோபுரத்தின் உயரத்தையும் கொண்டு மட்டும் எழுதுவது முதற்காரணத்தை மட்டுமே கணக்கிட்டு நின்றுவிடுவதாகும். வட்டித் தொழிலிலும் வணிகத்திலும் ஈட்டியதில் ஒரு பங்கை மகமையாகக் கோயிலுக்கு ஒதுக்கிய நகரத்தாரும், தகடு தட்டிய கம்மியரும், விரதமிருந்து காவடி சுமந்து படியேறிய தொழிலாளரும், ஆண்டுதோறும் தேருக்காக வாசலில் காத்திருந்த குடும்பங்களும் இவ்வரலாற்றின் நிமித்த காரணம். மரம் வெள்ளியாகலாம், வெள்ளியருகே பொன்னும் வரலாம். வழிபாட்டின் உருவத்தை ஒவ்வோர் ஆண்டும் வெளிக்கொணரும் இம்மக்களின் உழைப்பையும் நேர்த்தியையும் பதிவு செய்வதே இவ்வூரின் வரலாற்றை எழுதுவோர்க்கு உள்ள முதற்கடமையாகும்.